வல்லத்துப் பிள்ளையும் 703 ரூபாய் சில்லறையும்



போன இதழ் வெளிவந்த பிறகு, இரண்டாம் மாடியிலிருந்து ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுவன் என்னை லிஃப்ட் அருகே பிடித்துக்கொண்டான். கணக்கில் பெரிய ஆள் என்றால் ராமானுஜன் மட்டும்தானா, நம் பக்கத்தில் யாருமே இல்லையா என்று கேட்டான். 1729 என்ற எண்ணின் கதையை அவன் பள்ளியில் மூன்று முறை கேட்டுவிட்டானாம். நான் பதில் சொல்லத் தொடங்கியதும் அவனுக்கு டியூஷனுக்கு நேரமாகிவிட்டது. அவனுக்குச் சொல்ல வேண்டியதை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

இருக்கிறார். அதுவும் மிகப் பக்கத்தில். நம் மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலைத்தொடரை வலது கைப்பக்கமாகப் பிடித்துக்கொண்டே போங்கள். அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி, கடையம், தென்காசி என்று பஸ் போகும். தென்காசியைத் தாண்டிச் செங்கோட்டை போகிற வழியில், குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லம் என்று ஓர் ஊர் வரும். சீசனுக்குக் குற்றாலம் போகும்போது நம்மில் பலர் அந்த ஊரைப் பலமுறை கடந்திருப்போம். அங்கே பிறந்தவர்தான் எஸ். எஸ். பிள்ளை. முழுப்பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. எண் கோட்பாடு படிக்கிறவர்களுக்கு, உலகின் எந்த மூலையில் இருந்தாலும், இந்தப் பெயர் தெரியும். நம் பக்கத்தில்தான் அதிகம் பேருக்குத் தெரியாது.

தாயும் இல்லை, தந்தையும் இல்லை

1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி பிறந்தார். தந்தை சுப்பையா பிள்ளை, தாய் கோமதி அம்மாள். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போது தாய் இறந்துவிட்டார். தந்தைதான் வளர்த்தார்.

பையன் செங்கோட்டையில் பள்ளிக்கூடம் போனான். அன்றைக்குச் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. வல்லமோ பிரிட்டிஷ் ஆட்சியின் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. ஆகவே பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் என்றாலும் வேறு அரசாங்கத்தின் எல்லைக்குள் போய்த்தான் படித்தான். அங்கே சாஸ்திரியார் என்று எல்லோரும் அழைத்த ஓர் ஆசிரியர், இந்தப் பையனின் கணக்கு அறிவைக் கவனித்தார்.

பள்ளிப் படிப்பின் கடைசி வருஷத்தில் தந்தையும் இறந்துபோனார். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். பதின்ம வயதுப் பையன். வீட்டில் சம்பாதிக்க ஆள் இல்லை. அந்தக் காலத்தில் இப்படி ஒரு நிலை வந்தால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு கடையிலோ வயலிலோ வேலைக்குப் போவதுதான் வழக்கம். இன்றைக்கும் அப்படி நடக்காமல் இல்லை.

பிள்ளையின் படிப்பு அங்கே நிற்காமல் போனதற்கு அந்த ஆசிரியர்தான் காரணம். தனக்குக் கிடைத்த சொற்பச் சம்பளத்திலிருந்தே பண உதவி செய்து பையனைப் படிக்க வைத்தார் சாஸ்திரியார். நாம் இன்று அவரைப் பற்றிப் பேசுவதற்கு வேறு எந்தக் காரணமும் இல்லை. அவர் செய்த அந்த ஒரு காரியம்தான் காரணம். அதன் பலன் எவ்வளவு தூரம் போனது என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

பள்ளி முடித்த பிறகு உதவித்தொகை கிடைத்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட், அப்புறம் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அங்கே ஆனந்த ராவ், வைத்தியநாதசுவாமி என்ற இரண்டு பெரிய கணிதப் பேராசிரியர்களின் அருகில் வேலை செய்யும் வாய்ப்புக் கிடைத்தது. ராமானுஜன் இறந்து ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. சென்னையில் எண் கோட்பாட்டுக்கு அது நல்ல காலம். பஞ்சாபைச் சேர்ந்த சர்வதமன் சௌலா என்ற இன்னொரு கணித மேதையுடன் சேர்ந்தும் பிள்ளை கட்டுரைகள் எழுதினார். 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அந்த வருஷமே அங்கே விரிவுரையாளராகப் போனார். 1941 வரை பன்னிரண்டு வருஷம் அங்கேதான். அவருடைய பெரிய வேலையெல்லாம் அங்கே நடந்ததுதான்.

703 ரூபாய்க்குச் சில்லறை

அந்த வேலை என்ன என்று சொல்லாமல் பிள்ளையின் கதையைச் சொல்ல முடியாது. பயப்படாதீர்கள். கடைக்குப் போய்ச் சில்லறை கொடுக்கத் தெரிந்தால் போதும்.

ஒரு விநோதமான நாட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே 1, 4, 9, 16, 25 என்று வர்க்க எண்களுக்கு மட்டும்தான் நாணயம் உண்டு. 7 ரூபாய் கொடுக்க வேண்டும் என்றால் ஒரு 4 ரூபாய், மூன்று 1 ரூபாய், ஆக 4 நாணயம் வேண்டும். எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும் 4 நாணயத்துக்கு மேல் தேவைப்படாது என்பதை 1770இல் லக்ராஞ்சு என்ற கணித மேதை நிரூபித்தார்.

அதே வருஷம் எட்வர்ட் வாரிங் என்ற ஆங்கிலேயர் ஒரு படி மேலே போனார். வர்க்கத்துக்குப் பதிலாகக் கன எண்களை வைத்துக்கொண்டால், அதாவது 1, 8, 27, 64 என்று நாணயம் இருந்தால், 9 நாணயம் போதும் என்றார். நான்காம் அடுக்கு என்றால், அதாவது 1, 16, 81, 256 என்று போனால், 19 போதும் என்றார். இப்படி ஒவ்வோர் அடுக்குக்கும் ஓர் எல்லை உண்டு என்றார். ஆனால் நிரூபணம் எதுவும் தரவில்லை. இதைத்தான் வாரிங் கணக்கு என்கிறார்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் ஏதோ ஓர் எல்லை இருக்கத்தான் செய்கிறது என்பதை நிரூபிக்கவே 1909 வரை ஆயிற்று. அதை ஜெர்மனியின் ஹில்பர்ட் செய்தார். ஆனால் அந்த எல்லை சரியாக எத்தனை என்பதை அவருடைய வழி சொல்லவில்லை.

இப்போது ஆறாம் அடுக்குக்கு வருவோம். 1, 64, 729, 4096 என்றுதான் நாணயங்கள். நீங்கள் கடைக்காரருக்கு 703 ரூபாய் கொடுக்க வேண்டும். 729 நாணயம் பெரிது, உதவாது. 64 நாணயம் பத்து கொடுத்தால் 640 ஆகும். பதினொன்று கொடுத்தால் 704, ஒரு ரூபாய் கூடிவிடும். ஆகவே பத்தோடு நிறுத்திவிட்டு மீதி 63ஐ ஒற்றை ரூபாயாகத்தான் எண்ண வேண்டும். 10ம் 63ம் சேர்ந்து 73 நாணயம். குறைக்க வழியே இல்லை.

703 என்ற எண்ணின் குணம் இதுதான். 64இன் பதினொரு மடங்குக்கு ஒன்று குறைவாகவும், 729ஐ எட்ட முடியாமலும் நடுவில் மாட்டிக்கொண்ட எண் அது. இதே மாதிரி மாட்டிக்கொண்ட எண் ஒவ்வோர் அடுக்குக்கும் உண்டு. வர்க்கத்துக்கு 7, கனத்துக்கு 23, நான்காம் அடுக்குக்கு 79, ஐந்தாம் அடுக்குக்கு 223. பேப்பரும் பேனாவும் எடுத்து 23ஐ 8 ரூபாயும் 1 ரூபாயும் வைத்துக் கொடுத்துப் பாருங்கள். சரியாக 9 நாணயம் வரும்.

ஆக, 73க்குக் குறைவாக முடியாது என்பது இந்தச் சின்னக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. 73 போதும் என்பதுதான் கஷ்டம். எண்களுக்கு முடிவு கிடையாது. கோடி, கோடி கோடி என்று போய்க்கொண்டே இருக்கிறது. அதில் ஏதோ ஓர் எண் எங்கோ ஒளிந்துகொண்டு 74 நாணயம் கேட்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்க யாராலும் ஆகாது.

நடுவில் இருந்த இடைவெளி

மிகப் பெரிய எண்களுக்கு ஒரு வழி இருந்தது. ராமானுஜனும் ஹார்டியும் தொடங்கி, ஹார்டியும் லிட்டில்வுட்டும் வளர்த்து, 1930களில் ரஷ்யாவின் வினோகிராடோவ் கூர்மையாக்கிய முறை அது. ஒரு குறிப்பிட்ட பிரம்மாண்டமான எண்ணுக்கு அப்பால் எல்லா எண்ணுக்கும் இத்தனை நாணயம் போதும் என்று அது சொல்லும். சிறிய எண்களைக் கையால் சோதிக்கலாம். ஆனால் கையால் சோதிக்க முடிந்த இடத்துக்கும் அந்தப் பிரம்மாண்ட எண்ணுக்கும் நடுவே பெரிய பள்ளத்தாக்கு. அதற்குப் பாலம் போட வேண்டும்.

அமெரிக்காவில் சிகாகோவின் டிக்சன் இந்த வேலையில் இறங்கியிருந்தார். அப்போதே அவர் உலகம் அறிந்த பேராசிரியர், கூடவே மாணவர் பட்டாளமும் இருந்தது. அதே சமயத்தில் சிதம்பரத்தில் பிள்ளை அதே வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருந்தார். 1935, 1936 வாக்கில் இரண்டு பேரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள். 7க்கு மேற்பட்ட அடுக்குகளுக்கு, ஒரு சிறு நிபந்தனை பொருந்தினால் போதும், அந்த மாட்டிக்கொண்ட எண்ணுக்கு எத்தனை நாணயம் வேண்டுமோ அதுவே எல்லா எண்ணுக்கும் எல்லை.

நிபந்தனையை ஆறாம் அடுக்கை வைத்தே சொல்லலாம். 729ஐ 64ஆல் வகுத்தால் ஈவு 11, மீதி 25. இரண்டையும் கூட்டினால் 36. அது 64ஐத் தாண்டவில்லை. அவ்வளவுதான் நிபந்தனை. எந்த அடுக்கை எடுத்தாலும் 3இன் அடுக்கை 2இன் அடுக்கால் வகுத்து இப்படிப் பார்க்க வேண்டும். இந்த நிபந்தனையை மீறும் அடுக்கு இதுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1990இல் கம்ப்யூட்டர் வைத்து 47 கோடியே 16 லட்சமாவது அடுக்கு வரை பார்த்துவிட்டார்கள்.

பிள்ளையின் கட்டுரைகளில் சில அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சொந்த இதழிலும், சில இந்தியக் கணிதக் கழகத்தின் இதழிலும் வந்தன. வெளிநாட்டு நூலகங்களுக்கு அவை போய்ச் சேர்வதும் குறைவு, போனாலும் தாமதம். டிக்சனின் கட்டுரை வந்ததோ அமெரிக்காவின் முக்கியமான இதழில். அதனால் உலகம் முதலில் டிக்சனைத்தான் பார்த்தது. பிள்ளையும் அதைத் தனியாகச் செய்தவர் என்பது பிறகுதான் பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்டது. இன்று இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

ஆறாம் அடுக்கு அந்தப் பொது முடிவுக்குள் அடங்கவில்லை. அதைத் தனியாக மடக்க வேண்டியிருந்தது. 1940இல் பிள்ளை அதையும் முடித்தார். எல்லா எண்ணுக்கும் 73 போதும் என்ற அந்தக் கட்டுரை, சர் சி. வி. ராமன் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் வந்தது. கால்குலேட்டர் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. காகிதமும் மையும்தான்.

இதன் பெருமை புரிய இன்னொன்றைச் சொல்ல வேண்டும். ஐந்தாம் அடுக்குக்கு 37 போதும் என்பதை 1964இல்தான் சீனாவின் சென் சிங்ருன் நிரூபித்தார். நான்காம் அடுக்குக்கு 19 போதும் என்பது 1986இல்தான் முடிந்தது. முடித்த மூவரில் ஒருவர் நம் ஊர்க்காரர், சென்னையின் ஆர். பாலசுப்பிரமணியன். மற்ற இருவர் பிரான்சின் தெசூயே, திரெஸ். அடுக்கு சின்னதாக ஆக ஆக கணக்கு சுலபமாகும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறு. கையில் 73 நாணயம் இருந்தால் கொஞ்சம் தாராளமாகச் செலவழித்து எண்ணை வளைக்கலாம். 19தான் இருக்கிறது என்றால் ஒவ்வொன்றையும் எண்ணித்தான் எடுக்க வேண்டும். குறைந்த சம்பளத்தில் மாதக் கடைசியை ஓட்டுவது போலத்தான்.

348 கோடியில் ஓர் எண்

பெரிய எண் ஒன்று காட்டாமல் போனால் அந்தச் சிறுவன் என்னை விடமாட்டான். இதோ:

348 கோடியே 65 லட்சத்து 15 ஆயிரத்து 199.

நமக்குப் பழகிய அளவில் சொல்கிறேன். நம் மணிமுத்தாறு அணை 118 அடி நிறைந்தால் ஏறக்குறைய 551 கோடி கன அடித் தண்ணீர் பிடிக்கும். அதில் ஏறத்தாழ 63 சதவீதம் இருந்தால் அதுதான் இந்த எண்ணின் அளவு, கன அடிக்கு ஒன்று என்று எண்ணினால்.

இது இருபதாம் அடுக்குக்கு மாட்டிக்கொண்ட எண். 2இன் இருபதாம் அடுக்கு 10,48,576. 3இன் இருபதாம் அடுக்கு 348 கோடியே 67 லட்சத்து 84 ஆயிரத்து 401. நம் எண் அதற்குச் சற்றே குறைவு, ஆகவே பெரிய நோட்டு உதவாது. 10,48,576 ரூபாய் நோட்டு 3,324 கொடுத்துவிட்டு, மீதி 10,48,575ஐ ஒற்றை ரூபாயாகக் கொட்ட வேண்டும். மொத்தம் 10,51,899. கூட்டிப் பாருங்கள், சரியாக இருக்கும்.

இனி பிள்ளையும் டிக்சனும் சொன்னதைப் பொருத்துங்கள். ஈவு 3,325, மீதி 2,69,201. கூட்டினால் 2,72,526. அது 10,48,576ஐத் தாண்டவில்லை. நிபந்தனை சரி. ஆகவே இந்த எண்ணுக்கு மட்டும் அல்ல, இதைவிடக் கோடிக்கோடி மடங்கு பெரிய எந்த எண்ணுக்கும் 10,51,899க்கு மேல் ஒரு நோட்டுகூட வேண்டாம். உலகத்தில் யாரும் எழுதிப் பார்க்காத எண்களுக்கும் இது பொருந்தும். நான்கு வரிக் கூட்டலில் நாம் வீட்டு மேஜையில் சரிபார்க்கிற இந்த விஷயத்துக்குப் பின்னால் ஒரு மனிதரின் பல வருஷ உழைப்பு இருக்கிறது.

பதினாறு வீடு, பதினேழு வீடு

ஃபிளாட்டில் குடியிருக்கிற நமக்கு ரொம்பப் பொருத்தமான இன்னொரு கணக்கும் பிள்ளை போட்டார். அதுவும் அதே காலத்தில் வந்ததுதான்.

அடுத்தடுத்த கதவு எண் கொண்ட சில வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்ணுக்கும் 1ஐத் தவிரப் பொதுவான காரணி இருந்தால் அந்த இரண்டு வீடும் உறவு என்று வையுங்கள். 14ம் 21ம் உறவு, 7 பொதுவாக இருப்பதால். 14ம் 15ம் உறவு இல்லை. இப்போது கேள்வி: அந்த வரிசையில் யாரோடும் உறவில்லாமல் தனியாக நிற்கும் வீடு ஒன்றாவது இருக்குமா?

வரிசையில் 16 வீடோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், எந்த எண்ணில் ஆரம்பித்தாலும், ஒரு வீடாவது தனியாக நின்றே தீரும் என்று பிள்ளை நிரூபித்தார். 17 வீடு ஆனதும் அந்த விதி உடைந்துவிடுகிறது. 2184 முதல் 2200 வரை உள்ள பதினேழு எண்களைப் பாருங்கள். இரட்டைப்படை எண்கள் ஒன்பதும் 2ஆல் உறவு. 2187, 2193, 2199 மூன்றும் 3ஆல் 2184க்கு உறவு. 2185ம் 2195ம் 5ஆல் உறவு. 2191 என்பது 7ஆல் 2184க்கு உறவு. 2189 என்பது 11ஆல் 2200க்கு உறவு. 2197 என்பது 13ஆல் 2184க்கு உறவு. தனியாள் ஒருவர்கூட இல்லை.

17 முதல் 430 வரை எந்த நீளத்துக்கும் இப்படி ஒரு வரிசை உண்டு என்று பிள்ளை காட்டினார். 17க்கு மேல் எந்த நீளத்துக்கும் உண்டு என்பதை அடுத்து பிரௌவர் என்பவர் முடித்துவைத்தார். இது வெறும் விளையாட்டு அல்ல. அடுத்தடுத்த எண்களைப் பெருக்கினால் அது ஒரு முழு வர்க்கமாகவோ முழுக் கனமாகவோ வருமா என்ற பழைய கேள்விக்கு இது உதவியது. உறவில்லாத ஒரு தனி எண் வரிசையில் இருந்தால், பெருக்கல் முழு வர்க்கமாக வர அந்தத் தனி எண்ணே முழு வர்க்கமாக இருக்க வேண்டும். அப்படிப் பிடித்துக்கொண்டு போனார்.

இன்னும் முடியாத ஒன்று

பிள்ளை விட்டுப்போன கேள்வி ஒன்று இன்றுவரை விடை இல்லாமல் நிற்கிறது. 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என்று வர்க்கம், கனம், மேல் அடுக்கு எல்லாவற்றையும் கலந்து வரிசையாக எழுதுங்கள். போகப் போக இந்த எண்களுக்கு இடையே உள்ள இடைவெளி விரிந்துகொண்டே போகும், எந்தவொரு குறிப்பிட்ட வித்தியாசமும் சில தடவைக்கு மேல் வராது என்பது பிள்ளையின் ஊகம். வித்தியாசம் 1 என்பது 8, 9 என்ற ஒரே ஜோடிக்குத்தான் வரும் என்பதை 2002இல்தான் மிஹைலெஸ்கு என்பவர் நிரூபித்தார். வித்தியாசம் 7 என்றால் 16ம் 9ம் உண்டு, 128ம் 121ம் உண்டு, அப்புறம் வெகுதூரம் போய் 32,768ம் 32,761ம் உண்டு. வித்தியாசம் 6 இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. கிடைக்கவே கிடைக்காது என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை. கணிதத்தில் இதற்குப் பிள்ளை ஊகம் என்றே பெயர்.

கெய்ரோவுக்கு அப்பால்

1941இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அடுத்த வருஷமே கல்கத்தாப் பல்கலைக்கழகம். ஜெர்மனியிலிருந்து வந்து அங்கே கணிதத் துறையில் இருந்த பேராசிரியர் லெவி அவரை அழைத்தார். 1943இன் பஞ்சமும் 1946இன் கலவரமும் கண்ட கல்கத்தா அது. அங்கே இருந்துதான் பாடம் நடத்தினார், எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்சி. பட்டமும் அவருக்குக் கிடைத்திருந்தது.

1950இல் இரண்டு அழைப்புகள் ஒன்றாக வந்தன. ஒன்று, அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் உள்ள உயர் ஆய்வு நிறுவனத்தில் ஒரு வருஷம் வந்து வேலை செய்ய. ஐன்ஸ்டீன் அப்போது அங்கேதான் இருந்தார். இன்னொன்று, ஹார்வர்டில் நடக்கும் உலகக் கணித மாநாடு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாக அதில் கலந்துகொள்ள வேண்டும். உலகப் போரால் நின்றுபோய் பதினான்கு வருஷத்துக்குப் பிறகு கூடும் மாநாடு அது. தூரத்து இதழ்களில் பெயராக மட்டும் இருந்தவர் முதல்முறையாக அந்தக் கூட்டத்தில் நேரில் நிற்கப் போகிறார்.

மாநாடு ஆகஸ்ட் 30ஆம் தேதி தொடங்கிவிட்டது. பிள்ளை ஏறிய விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ரோம் வழியாக நியூயார்க் போக வேண்டியது. ஆகஸ்ட் 31ஆம் தேதி கெய்ரோவிலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஓர் எஞ்சின் தீப்பிடித்தது. விமானம் பாலைவனத்தில் விழுந்தது. விமானத்தில் இருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பிள்ளைக்கு அப்போது வயது 49.

அவருடைய கட்டுரைகள் பல காலம் பழைய இதழ்களில் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடித் திரட்டியவர்கள் ஆர். பாலசுப்பிரமணியனும் ஆர். தங்கதுரையும். 2010இல் அது தொகுப்பாக வெளிவந்தது. நான்காம் அடுக்கை முடித்த அதே பாலசுப்பிரமணியன்தான், ஆறாம் அடுக்கை முடித்தவரின் எழுத்தையும் காப்பாற்றிக் கொடுத்தார்.

நமக்கு என்ன?

இந்தக் கதையில் என் மனதில் தங்குவது 703ம் அல்ல, விமானமும் அல்ல. செங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியர் தன் சம்பளத்தை எண்ணிப் பார்த்து, அதில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்த அந்த நாள்தான். அன்று அவர் அதைச் செய்யாதிருந்தால் பிள்ளை வல்லத்திலேயே ஏதோ ஒரு வேலையில் இருந்திருப்பார். 73 என்ற விடையை வேறு யாரோ, வேறு எங்கோ, பிறகு எப்போதோ கண்டுபிடித்திருப்பார்கள். யாருக்கும் எதுவும் இழந்ததாகவே தெரிந்திருக்காது.

நம் குடியிருப்பிலும் வாட்ச்மேன் வீட்டுப் பிள்ளைகள், வேலைக்கு வரும் அக்காக்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜூன் மாதம் வந்தால் அவர்களில் யாருக்குக் கட்டணம் கட்ட முடியவில்லை, யார் பாதியில் நிற்கப் போகிறார்கள் என்று நமக்குத் தெரிவதில்லை, நாம் கேட்பதும் இல்லை. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் மெயின்டெனன்ஸ் கணக்கு முடிந்ததும், இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரிய நிதி எதுவும் வேண்டாம். வீட்டுக்குக் கொஞ்சம் என்றாலே ஒரு பிள்ளையின் ஒரு வருஷம் ஓடிவிடும். அடுத்த முறை குற்றாலம் போகும்போது வல்லத்தில் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டி, யார் பிறந்த ஊர் இது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

சிறுவர்களுக்கு மூன்று கணக்கு

1. 1, 16, 81 ரூபாய் நாணயங்கள் மட்டும் உண்டு. 79 ரூபாய் கொடுக்க, குறைந்தது எத்தனை நாணயம் வேண்டும்?

2. 1, 32, 243 ரூபாய் நாணயங்கள் மட்டும் உண்டு. 223 ரூபாய் கொடுக்க எத்தனை?

3. 114 முதல் 126 வரை கதவு எண் கொண்ட பதின்மூன்று வீடுகளில் ஒன்றே ஒன்றுதான் மற்ற எல்லோரோடும் உறவில்லாதது. அது எது?

விடைகளைப் பார்க்கும் முன் ஒருமுறையாவது போட்டுப் பாருங்கள். முதல் கணக்குக்கு விடை 19. இரண்டாவதுக்கு 37. மூன்றாவதுக்கு விடை 121. ஏன் என்று கண்டுபிடித்த பிள்ளைகள், லிஃப்ட் அருகே என்னைப் பார்த்தால் சொல்லுங்கள். இந்த முறை டியூஷனுக்குக் கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை.